செத்த விதைக்குப் போலி என்று பெயர்

2020ஆம் ஆண்டு ஜூன் மாதம். மகாராட்டிரத்தின் மராத்வாடா, விதர்பா வட்டாரங்களில் சோயா மொச்சை விதைத்த ஆயிரக்கணக்கான உழவர்கள் ஒரே முறையீட்டோடு வேளாண் அலுவலகங்களின் வாசலில் நின்றார்கள். மழை பெய்தது, விதைத்தாயிற்று, முளைக்கவில்லை. பம்பாய் உயர் நீதிமன்றத்தின் ஔரங்காபாத் அமர்வு அதைத் தானாக முன்வந்து வழக்காக எடுத்துக்கொண்டது. வழக்குப் பதிவுகள், விளக்கங்கள், மறுப்புகள் என்று அந்தப் பருவம் கழிந்தது. அப்போது எல்லோர் வாயிலும் இருந்தது ஒரே சொல். மராத்தியில் 'போகஸ் பியாணே'. மத்தியப் பிரதேசத்து இந்தியில் 'நக்லி பீஜ்'. அரசுக் கோப்புகளில் 'அமானக்', அதாவது தரமற்றது. தமிழில் இதற்குப் 'போலி விதை' என்று பெயர்.

சிக்கல் இந்தச் சொல்லிலிருந்தே தொடங்குகிறது. போலி என்பது அடையாளத்தைக் குறிக்கும் சொல். ஒன்றைப் போல் தோன்றும் மற்றொன்றுதான் போலி. அந்தச் சொல்லை ஏற்றவுடன் கேட்கப்படும் கேள்வி "இது யாருடைய சரக்கு? இந்த ரகம்தானா?" என்பதாகிவிடுகிறது. முளைக்காத மூட்டைகளில் பலவற்றில் இருந்தது சொன்ன ரகமே, சொன்ன பயிரே, முறையாகச் சான்று பெற்ற விதையே. அது வேறொன்றாக இருக்கவில்லை, செத்திருந்தது. செத்த ஒன்றைப் பற்றிக் கேட்க வேண்டிய கேள்விகள் வேறு: எப்போது செத்தது, எங்கே செத்தது, யார் பொறுப்பில் இருந்தபோது செத்தது? இந்த மூன்று கேள்விகளையும் எழவிடாமல் தடுப்பதே 'போலி' என்ற சொல் செய்யும் வேலை.

போலிகள் இல்லை என்று இதற்குப் பொருளில்லை. சந்தைத் தானியத்தைச் சலித்துப் பைகளில் அடைத்து விதை என்று விற்பவர்கள் இருக்கிறார்கள்; அவர்கள்மேல் வழக்குப் போடுவதே முறை. ஆனால் ஒரு வட்டாரம் முழுவதும், பல நிறுவனங்களின் சரக்கும் ஒரே பருவத்தில் முளைக்காமல் போகும்போது, அதைத் தனியாட்களின் மோசடியாக மட்டும் விளக்குவது அறிவுச் சோம்பல். இந்தச் சோம்பலில் பத்திரிகைகளுக்கும் அரசுக்கும் மட்டுமல்லாமல் கல்விப்புலத்துக்கும் பங்குண்டு.

நடந்ததைக் கால வரிசையில் வைத்துப் பார்க்கலாம். நடு இந்தியாவின் சோயா, மழைக்காலப் பயிர். செப்டம்பர் இறுதியிலும் அக்டோபரிலும் அறுவடை. அடுத்த விதைப்பு ஜூன் மாதத்தில். இடைப்பட்ட எட்டு மாதங்கள் சேமிப்பு. ஆனால் விதையியலின் கணக்கில் சேமிப்பு கிடங்கில் தொடங்குவதில்லை, செடியிலேயே தொடங்கிவிடுகிறது. விதை முழு முதிர்ச்சி எய்தும் நாளில் அதன் வீரியம் உச்சத்தில் இருக்கிறது. அதன்பின் அறுவடைக்காகக் காத்துநிற்கும் ஒவ்வொரு நாளும் வயலே கிடங்கு. அதுவும் கூரையில்லாத கிடங்கு. 2019 அக்டோபரில் மகாராட்டிரத்தில் அறுவடை நேரத்தில் பெய்த மழை, முற்றிய சோயாக் காய்களை நனைத்தது. நனைந்து, உலர்ந்து, மீண்டும் நனைந்த விதையின் மெல்லிய தோல் சுருங்கி வெடிக்கிறது, பூஞ்சை நுழைகிறது. அத்தகைய விளைச்சலிலிருந்து அடுத்த பருவத்துக்கு விதை எடுக்கும்போது, மூட்டை கட்டும் நாளிலேயே அதன் ஆயுளில் ஒரு பகுதி கழிந்துவிட்டிருக்கும்.

பிறகு கோடை. சேமிப்பு பற்றிய பாடங்களில் ஹாரிங்டன் வகுத்த இரண்டு எளிய விதிகளை ஒவ்வொரு மாணவரும் மனப்பாடம் செய்கிறார். விதையின் ஈரப்பதம் ஒரு சதவீதம் குறைந்தால் ஆயுள் இரட்டிப்பாகும். சேமிப்பு வெப்பநிலை 5 டிகிரி செல்சியஸ் குறைந்தாலும் ஆயுள் இரட்டிப்பாகும். தேர்வுத் தாளில் இவை நன்மையின் விதிகளாகவே எழுதப்படுகின்றன. தலைகீழாகப் படித்தால் கிடைப்பது மரணத்தின் விதி. குளிர்காலத்தில் 25 டிகிரியில் இருந்த மூட்டை, மே மாதத்துத் தகரக் கூரையின் கீழ் 40 டிகிரியில் இருக்கிறது. 15 டிகிரி வேறுபாடு என்பது மூன்று படிகள். மூன்று முறை பாதியாகும் ஆயுள் எட்டில் ஒன்றாகிறது. கோடையின் ஒரு வாரம் குளிர்காலத்தின் இரண்டு மாதத்துக்குச் சமம். மே இறுதியில், மழைக்கு முந்தைய ஈரக்காற்றும் வந்து சேர்கிறது. சரியாக அந்த நாள்களில்தான் மூட்டைகள் லாரியேறிச் சில்லறைக் கடைகளுக்கு வருகின்றன, யூரியா மூட்டைகளுக்குப் பக்கத்தில் அடுக்கப்படுகின்றன. எட்டு மாதச் சேமிப்பின் மிகக் கொடிய ஐந்தாறு வாரங்கள், எவரும் அளக்காத அந்த இடங்களிலேயே கழிகின்றன.

இதற்குப் பாடநூல்கள் கைவசம் வைத்திருக்கும் விடை ஒன்றுண்டு: "எண்ணெய்வித்துகள் இயல்பாகவே விரைவில் முளைப்புத்திறனை இழக்கும்." இது பாதி உண்மை. எண்ணெய் தண்ணீரை ஏற்பதில்லை. ஆகவே விதையிலுள்ள ஈரம் முழுவதும் எண்ணெயில்லாத பகுதியில் செறிகிறது. உலர் எடையில் பாதி எண்ணெய் கொண்ட வித்து ஒன்று 9 சதவீத ஈரப்பதத்தில் இருந்தால், அதன் உயிருள்ள பகுதி ஏறத்தாழ 16 சதவீத ஈரத்தில் இருக்கிறது. நெல்லுக்குப் பாதுகாப்பான ஈரம் நிலக்கடலைக்கு ஆபத்தாவது இதனாலேயே. நிறைவுறாக் கொழுப்பு அமிலங்கள் காற்றின் உயிர்வளியோடு வினைபுரிந்து சிதைவதும், அந்தச் சிதைவு உயிரணுச் சவ்வுகளை அரிப்பதும், அரிக்கப்பட்ட சவ்வுகள் விதை தண்ணீர் உறிஞ்சும்போது சர்க்கரையையும் உப்புகளையும் கசியவிடுவதும் நன்கு அறியப்பட்டவை.

ஆனால் எள்ளில் ஏறத்தாழப் பாதி எண்ணெய்; கடுகில் நாற்பது சதவீதத்தை ஒட்டி; சோயாவில் ஐந்தில் ஒரு பங்குதான். உலர்த்தி வைத்த எள்ளும் கடுகும் சோயாவைவிட நெடுங்காலம் உயிரோடு இருக்கின்றன. எண்ணெய்தான் கொலையாளி என்றால் வரிசை தலைகீழாக அல்லவா இருக்க வேண்டும்? சோயாவைக் கொல்வது அதன் எண்ணெய் மட்டுமன்று. மெல்லிய தோல், தோலுக்குச் சற்றே கீழே காப்பின்றிக் கிடக்கும் முளைக்கருவின் அச்சு, மிகை வேகத்தில் ஓடும் கதிரடிக்கும் பொறி, உயரத்திலிருந்து எறியப்படும் மூட்டை, தலைக்குமேல் ஏறும் அடுக்கு ஆகியவை எல்லாம் சேர்ந்தே அதைக் கொல்கின்றன. இவற்றில் பாதிக்கு மேல் மனிதர் கையில் உள்ளவை. "இயல்பாகவே" என்ற ஒரு வினையடை அத்தனை கைகளையும் கழுவிவிடுகிறது.

அடுத்தது, மூட்டையோடு தைக்கப்பட்டிருக்கும் சான்றட்டை. மொழியியல் படித்தவர்கள் அதைப் பனுவலாக எடுத்துப் படிக்க வேண்டும். "முளைப்புத்திறன் குறைந்தது 70 சதவீதம்" என்ற அந்தத் தொடரில் வினைமுற்று இல்லை. வினை இல்லாததால் காலமும் இல்லை. சோதித்த நாளில் இருந்தது என்கிறதா, வாங்கும் நாளில் இருக்கிறது என்கிறதா, விதைக்கும் நாளில் இருக்கும் என்கிறதா? எழுதியவர் இறந்தகாலத்தில் எழுதுகிறார். வாங்குகிறவர் எதிர்காலத்தில் வாசிக்கிறார். இடைவெளியில் இருப்பது ஒரு முழுக் கோடை. சோதனைத் தேதி அட்டையின் வேறொரு மூலையில் அச்சிடப்பட்டிருக்கும். ஆனால் அந்தத் தேதிக்குப் பின் விதை எந்த வெப்பத்தில், எந்த ஈரத்தில் கிடந்தது என்பதற்கு அட்டையில் இடமே இல்லை.

இந்தியச் சான்று விதிகளின்படி, சோதித்த நாளிலிருந்து 9 மாதங்களுக்குச் சான்று செல்லும். மறுசோதனையில் தேறினால் மேலும் 6 மாதம். ஜனவரியில் தேறிய சோயா மூட்டையின் சான்று, மே மாதத்தையும் ஜூன் விதைப்பையும் கடந்து அக்டோபர் வரை செல்லுபடியாகும். விதை ஏப்ரலிலோ மே மாதத்திலோ செத்துப்போனாலும் சான்று உயிரோடு இருக்கும்.

70 என்ற எண்ணையும் கேள்வி கேட்க வேண்டும். சான்றளிப்புத் தரத்தில் கடுகுக்கு 85, எள்ளுக்கு 80, சோயாவுக்கும் நிலக்கடலைக்கும் 70. சேமிப்பில் தளர்ந்துவிடும் பயிர்களுக்குச் சேமிப்பைக் கடுமையாக்குவதற்குப் பதிலாகத் தேர்ச்சி மதிப்பெண்ணைக் குறைத்து வைத்த ஏற்பாடு இது. இந்தத் தளர்வின் விளைவு வெறும் பதினைந்து சதவீத இழப்போடு நிற்பதில்லை. விதைக் குவியல் ஒன்றின் முளைப்பு, காலத்தோடு நேர்கோட்டில் குறைவதில்லை. முதலில் நீண்ட சமவெளி, பிறகு செங்குத்துச் சரிவு, கடைசியில் மெதுவான வால். எல்லிஸும் ராபர்ட்ஸும் 1980இல் தந்த சமன்பாட்டில் தொடக்கத் தரம் தனி உறுப்பாக நிற்பது இதற்காகத்தான். ஜனவரியில் 95 சதவீதம் முளைத்த குவியல் சமவெளியில் நிற்கிறது, கோடையைத் தாங்கும். ஜனவரியில் 72 சதவீதம் முளைத்த குவியல் சரிவின் விளிம்பைத் தாண்டிவிட்டது; ஜூன் மாதம் அது எங்கே இருக்கும் என்பதை எந்த மாணவரும் வரைந்து காட்டலாம். அட்டையோ இரண்டையும் ஒன்றென்கிறது: "குறைந்தது 70".

முளைப்புச் சோதனையே இன்னொரு மயக்கத்தையும் தருகிறது. சுத்தமான மணலில், அளவான ஈரத்தில், இதமான வெப்பத்தில் 400 விதைகளை வைத்து எண்ணுவது அந்தச் சோதனை. சோயா வயலின் கரிசல் மண் அப்படி இருப்பதில்லை. மழை பெய்து காய்ந்ததும் மேல்மண் ஓடுபோல் இறுகும். சோயாவின் முளையோ இரண்டு பருத்த விதையிலைகளைத் தூக்கிக்கொண்டு அந்த ஓட்டை உடைத்து மேலே வர வேண்டும். ஆய்வகத்தில் முளைத்த தளர்ந்த விதை, வயலில் கழுத்தொடிந்து மண்ணுக்குள்ளேயே நின்றுவிடுகிறது. வீரியம் என்பது முளைப்புத்திறனிலிருந்து வேறானது. அது முந்தியே சரிகிறது. இதை அளக்க 41 டிகிரியில் 72 மணி நேரம் ஈரக்காற்றில் வைக்கும் விரைவு முதுமைச் சோதனையும், ஊறவைத்த நீரின் மின்கடத்துதிறனைப் பார்க்கும் சோதனையும் பல பத்தாண்டுகளாக இருக்கின்றன. ஆய்வேடுகளில் இவை நிரம்பிக் கிடக்கின்றன. உழவர் காசு கொடுத்து வாங்கும் மூட்டையின் அட்டையில் இவற்றுக்கு இடமில்லை.

இந்த வேறுபாட்டை மறைப்பதால் இலாபம் யாருக்கு என்பதை ஒவ்வொரு ஜூன் மாதமும் காணலாம். முளைக்கவில்லை என்ற புகார் வந்ததும் எதிர்வாதம் ஆயத்தமாக இருக்கிறது: உழவர் ஆழமாக விதைத்துவிட்டார், போதிய மழைக்கு முன்பே விதைத்துவிட்டார், கருவியைச் சரியாகப் பொருத்தவில்லை. இவை சில இடங்களில் உண்மையாக இருக்கலாம். ஆனால் வீரியமுள்ள விதை ஒரு விரற்கடை கூடுதல் ஆழத்தையும் சில நாள் மழை இடைவெளியையும் பொறுத்துக்கொள்ளும். தளர்ந்த விதை பொறுக்காது. உழவரின் பிழையைப் பேரழிவாக்கியது கிடங்கு. பழியோ பிழையின்மேல் மட்டும் விழுகிறது. "விதை முளைக்கவில்லை" என்ற தொடரில் எழுவாய் விதை; வினையின் பொறுப்பும் அதன்மேலேயே. செய்தவர் ஒருவரும் அந்தத் தொடருக்குள் இல்லை.

இனிக் கல்விப்புலத்தின் முறை. எண்ணெய்வித்துச் சேமிப்பு பற்றி இந்திய வேளாண் பல்கலைக்கழகங்களில் முதுநிலை ஆய்வேடுகளுக்குக் குறைவில்லை. அவற்றில் பலவற்றின் அமைப்பு ஒன்றே: துணிப்பை ஒருபுறம், நெகிழிப்பை மறுபுறம்; மருந்திட்டது, இடாதது; மாதம்தோறும் முளைப்பு. முடிவும் ஒன்றே: ஈரம் புகாத பையில் வைத்தது நன்றாக இருந்தது. சேமித்த இடத்தைக் குறிக்க ஒரே சொல்: 'சாதாரண அறைச் சூழல்'. எந்த அறை? பல்கலைக்கழகத்தின் கல்கட்டிட அறையா, தகரக்கூரைக் கடையா? மே மாதம் பிற்பகல் மூன்று மணிக்கு அங்கே எத்தனை டிகிரி? ஆய்வின் தலையாய மாறியைச் 'சாதாரணம்' என்ற ஒரு பெயரடைக்குள் புதைத்துவிட்டுப் பையின் தடிப்பைப் பற்றி அட்டவணை போடுவதை ஆய்வு என்று அழைக்க முடியுமா? விதை சாகிற இடம் ஆய்வகத்தின் பக்கத்து அறை இல்லை. அது செயலாக்க நிலையத்துக்கும் சில்லறைக் கடைக்கும் நடுவே உள்ள ஐந்நூறு கிலோமீட்டர். அங்கே ஒரு வெப்பமானியை வைக்கும் ஆய்வு பத்துப் பைகளை ஒப்பிடும் நூறு ஆய்வுகளைவிட மேலானது.

அந்த முடிவை அப்படியே நடைமுறைக்குக் கொண்டுபோவதிலும் ஆபத்து உண்டு. ஈரம் புகாத பை, ஈரம் வெளியேறாத பையும்கூட. 12 சதவீத ஈரமுள்ள சோயாவை அதில் அடைத்தால் சாவை விரைவுபடுத்துவதாகும். தரவிதிகள் சாதாரணப் பைக்கு 12 என்றும், ஈரம் புகாத பைக்கு 7 என்றும் இருவேறு வரம்புகள் வைத்திருப்பது இதை அறிந்தே. உலர்த்தலைப் பற்றிப் பேசாமல் பையைப் பற்றிப் பேசும் பரிந்துரை, பாதி மருந்துச் சீட்டு.

உழவர்களுக்கு இது தெரியாத செய்தி என்று யாரும் எண்ண வேண்டாம். சௌராட்டிரத்தில் விதைக் கடலையைப் பருப்பாக உடைக்காமல் காயாகவே வைக்கிறார்கள். ஓடு இயற்கை தந்த உறை. நடு இந்தியாவில் முன்பு பயிரிடப்பட்ட 'காலீதூர்' என்ற கறுப்புச் சோயா, சிறிய விதையும் உறுதியான தோலும் கொண்டது. சேமிப்பைத் தாங்குவதில் பெயர்பெற்றது. பெரிய மஞ்சள் விதையும் கூடுதல் விளைச்சலும் அதை வயலிலிருந்து வெளியேற்றின. அந்தத் தேர்வு தவறு என்று சொல்ல வேண்டியதில்லை. ஆனால் விளைச்சலுக்காகச் சேமிப்புத் தன்மையைக் கைவிட்ட பின், இழந்த ஆயுளைக் கிடங்காவது ஈடுசெய்திருக்க வேண்டும். அதற்கான செலவை எவரும் ஏற்கவில்லை. ஆகவே உழவர் ஏற்கிறார், இரண்டாம் விதைப்பாக. இரண்டாம் விதைப்பு என்பது விதைக்கும் உழவுக்கும் மறுபடி பணம். அதைவிட, திரும்பி வராத பருவ நாள்கள்.

சட்டம் என்ன செய்கிறது? 1966ஆம் ஆண்டு விதைச் சட்டத்தின் 19ஆம் பிரிவு முதற்குற்றத்துக்கு விதித்த உச்ச அபராதம் 500 ரூபாய். 2012இல் தேசிய விதைக் கழகம் தொடர்பான வழக்கில், விதை வாங்கும் உழவர் நுகர்வோரே என்றும், வாங்கிய விதையெல்லாம் விதைத்துவிடும் உழவரிடம் சோதனைக்கு மாதிரி கேட்பது பொருந்தாது என்றும் உச்ச நீதிமன்றம் கூறியது. நல்ல தீர்ப்பு. எனினும் அது இழப்பு நேர்ந்த பின்னான கதவு. விதை எங்கே செத்தது என்பதற்கு ஆவணமே இல்லாத நாட்டில், அந்தக் கதவைத் தட்டும் உழவர் ஆண்டுக்கணக்கில் வெளியே நிற்கிறார்.

2024 அக்டோபரில் ஒன்றிய அரசு 10,103 கோடி ரூபாயில் எண்ணெய்வித்துகளுக்கான தேசிய இயக்கத்துக்கு ஒப்புதல் அளித்தது. 65 விதை மையங்கள், 50 விதைச் சேமிப்பு அமைப்புகள் என்பது அறிவிப்பு. சேமிப்பு என்ற சொல் திட்டத்தில் இடம்பெற்றதே முன்னேற்றம்தான். ஆனால் சமையல் எண்ணெயில் பாதிக்கு மேல் இறக்குமதி செய்யும் நாட்டில், ஒரு கோடி எக்டேருக்கு மேல் பரந்த சோயா ஒன்றுக்கே இந்த 50 எந்த மூலைக்கு? விதையின் மூலத்தைத் தடமறியும் 'சாத்தி' தளமும் வந்துவிட்டது. குறியீட்டை அலைபேசியில் காட்டினால் விதையின் பிறப்பைச் சொல்லும் ஏற்பாடு அது. பிறப்புச் சான்று மட்டும் போதாது. அந்த மூட்டை பட்ட வெப்பமும் ஈரமும் அதே குறியீட்டின் கீழ் வர வேண்டும்.

கேட்க வேண்டியவை சிலவே. ஒன்று, சோயாவுக்கும் நிலக்கடலைக்கும் விதைப்புக்கு முந்தைய ஒரு மாதத்துக்குள் மறுசோதனை கட்டாயமாக வேண்டும். ஒன்பது மாதச் சான்று இப்பயிர்களுக்குப் பொருந்தாது. இரண்டு, அட்டையில் "குறைந்தது 70" என்பதற்குப் பதிலாக உண்மையில் வந்த எண்ணும் அதோடு வீரியச் சோதனையின் முடிவும் அச்சாக வேண்டும். மூன்று, செயலாக்க நிலையம் முதல் சில்லறைக் கடை வரை சேமிப்பின் வெப்பமும் ஈரமும் பதிவாக வேண்டும். பதிவில்லாத இடத்தில் செத்த விதைக்கு அந்த இடத்தை நடத்துபவரே பொறுப்பு. நான்கு, சேமிப்பு பற்றிய எந்த ஆய்வேட்டையும் வெப்ப, ஈரப் பதிவு இல்லாமல் பல்கலைக்கழகங்கள் ஏற்கக் கூடாது.

செலவாகும் என்பார்கள். எல்லா விதைக்கும் குளிர்பதனக் கிடங்கு கேட்கப்படவில்லை. மாளவத்திலும் மராத்வாடாவிலும் நவம்பர் முதல் மே வரை காற்றே வறண்டது. சரியான ஈரத்துக்கு உலர்த்தி, நான்கைந்து மூட்டைக்கு மேல் அடுக்காமல், நிழலும் காற்றோட்டமும் கொடுத்து, கடைசி ஐந்தாறு வாரங்களைக் கவனித்தாலே பாதி மரணம் நின்றுவிடும். வெப்பமும் ஈரமும் காட்டும் ஒரு சிறு கருவியின் விலை ஒரு மூட்டை விதையின் விலையைவிடக் குறைவு.

அதுவரை உழவர்கள் செய்வதைச் செய்துகொண்டிருப்பார்கள். விதைக்கும் முன் நூறு விதைகளை எண்ணி, நனைத்த சாக்கில் வரிசையாக வைத்துச் சுருட்டி, சில நாள் கழித்து விரித்து முளைத்தவற்றை எண்ணுவார்கள். வேளாண் துறைகளே இந்தச் சோதனையைப் பரிந்துரைக்கின்றன. சான்றட்டை தைத்த மூட்டையை வாங்கியவரிடம் சாக்கை நனைக்கச் சொல்லும்போது, அந்த அட்டையில் தமக்கே நம்பிக்கையில்லை என்பதை அரசு ஒப்புக்கொள்கிறது. அந்தச் சாக்கைச் சுருட்டுகிற கைகள் விதை உயிரோடிருக்கிறதா என்று கேட்கின்றன. கிடங்கு, கடை, ஆய்வகம், சட்டமன்றம் ஆகிய ஒவ்வொன்றும் அதற்கு விடை சொல்லக் கடமைப்பட்டிருக்கிறது. 'போலி' என்ற சொல்லைக் கைவிட்டுச் 'செத்த விதை' என்று எழுதத் தொடங்குவதிலிருந்து அந்தக் கணக்கு தொடங்கட்டும். ஆய்வேடுகளில் முதலில்.